இருந்து பார்க்கிற உயரம்

எங்கள் வீட்டு உடுப்பு அலுமாரியில் ஒரு கறுப்பு மேற்சட்டை தொங்குகிறது. முன்பு நான் காவற்காரனாக வேலை செய்த கலாசார மண்டபத்தில் தந்தது. இரண்டு கைகளிலும் மடிப்பு அவிழ்க்கப்பட்டு, பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறிய கோடொன்று கிடக்கும். அதைப் போட்டால் என் விரல்கள் காணாமல் போய்விடும். பங்குக் கோயிலில் பழைய உடுப்புச் சேர்க்கும் காலம் வந்தால் மனைவி முதலில் அதில்தான் கை வைப்பாள்.

"இஞ்சாருங்கோ, உது உங்களுக்கு அளவுமில்லை, அழகுமில்லை. குடுத்துவிடுவமே?"

அழகில்லாதது சட்டையா நானா என்று கேட்க மாட்டேன். கலியாணம் நீடிக்கச் சில கேள்விகளை விழுங்கத்தான் வேண்டும். "கிடக்கட்டும்" என்பேன். அவளும் திரும்பத் தொங்கவிடுவாள். அந்த மடிப்பை அவிழ்த்தவளே அவள்தான்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலின் நடுவே, பழைய கட்டடம் ஒன்றின் நிலவறையில் அந்த மண்டபம் இருந்தது. ஒரு ஜன்னலும் இல்லை. புறநகரான பியர்பொன்ட்ஸில் விடியுமுன் பஸ் ஏறி, மெட்ரோ பிடித்து, நிலத்துக்கு மேலே வராமலே நடந்துபோய்க் கதவைத் திறப்பேன். வேலை முடிந்து மேலே வந்தால் மறுபடி இருட்டு. பனிகொட்டும் மாரியில் நான் சூரியனைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அதுவும் பூசை நேரத்தோடு முடிந்தால். ஒரு கதிரையில் இருந்து, படங்களை யாரும் தொடாமல் பார்ப்பது என் உத்தியோகம். படம் பார்க்கவே ஆள் வராத இடத்தில் தொடுவதற்கு யார் வருவது? ஆனாலும் சண்டையிலிருந்து தப்பி, இரண்டு கடல் தாண்டி வந்தவன் நான். கடைசியில் ஜன்னலில்லாத அறையில் சுவரைக் காவல்காக்கிறேன் என்று நினைக்கும்போது எனக்கே சிரிப்பு வரும். சிரிக்காவிட்டால் வேறென்ன வரும் என்று நான் யோசித்ததில்லை.

அங்கே கண்காட்சிகளை ஒழுங்குசெய்ய வருபவரைக் கவிஞர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கியூபாக்காரர். நெடிய உருவம், மயிரில்லாத தலை, கழுத்தில் எப்போதும் ஒரு கம்பளித் துண்டு. இளம் வயதில் அவருடைய முதல் கவிதைத் தொகுதியை ஹவானாவில் கொண்டாடினார்களாம். இரண்டாவது அச்சாகிக் களஞ்சியத்துக்குள் போனது, பிறகு வெளியே வரவேயில்லை. கவிதை எழுதினால் ஆபத்து என்று, ஓவியங்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். நல்ல ஓவியங்களைப் பற்றி எழுதினால் அதுவும் ஆபத்தாயிற்று. நாட்டை விட்டார். இங்கே வந்து ஸ்பானிய மொழி படிப்பித்தார், பத்திரிகைகளுக்குக் கலை விமர்சனம் எழுதினார், மெல்ல மெல்லக் கண்காட்சிகளைத் தொகுப்பவராக ஆனார். அவர் பேசியது ஸ்பானிய வாடை அடிக்கும் பிரெஞ்சு. நான் பேசியது பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிக்கச் சிரமப்படும் பிரெஞ்சு. எனக்கு எந்த மொழியும் யாழ்ப்பாணத் தமிழாகித்தான் மண்டைக்குள் இறங்கும். ஆகவே அவர் சொன்னவற்றை எனக்குக் கேட்டபடியே எழுதுகிறேன்.

அவருடைய பெரிய கோபம் நாட்டை விடவைத்தவர்கள்மீது அல்ல, இங்கே அன்பாக வரவேற்றவர்கள்மீதுதான். எந்த மேடையிலும் அவரை 'நாடிழந்த கவிஞர்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். ஒருமுறை பனியைப் பற்றிக் கவிதை வாசித்தார். முடிந்ததும் ஒரு பெண் கண்கலங்கி வந்து, பனி என்று நீங்கள் சொல்வது உங்கள் ஊர்க் கடலைத்தானே என்றாள்.

"நான் பனியைத்தான் சொன்னனான், ஐசே," என்றார் என்னிடம், டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டு. "காலமை வழுக்கி விழுந்தனான். இடுப்பு நோகுது. அதைக்கூட விடமாட்டினமாம்."

"என்னட்டையும் எல்லாரும் சண்டையைப் பற்றித்தான் கேக்கினம்," என்றேன். "பல்லு வைத்தியர்கூட. வாயைத் திறக்கச் சொல்லிப்போட்டுக் கேட்டால் நான் என்னெண்டு கதைக்கிறது?"

படம் மாட்டுவதில் அவருக்கு ஒரு விசித்திரம் இருந்தது. மற்ற இடங்களில் நிற்பவரின் கண்ணுக்கு நேரே மாட்டுவார்கள். இவரோ நிலத்தில் குந்தியிருப்பவரின் கண்ணுக்கு நேரே ஆணி அடிப்பிப்பார். வருகிறவர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டு போவார்கள். இயக்குநர் அம்மா பலமுறை சொல்லிப் பார்த்துக் கைவிட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன். ஹவானாவில், காட்சிக்கு அனுமதி கிடைக்காத ஓவியங்களைத் தன் வீட்டு முன்னறையில் மாட்டுவாராம். தெருப்பக்கம் ஜன்னல். நின்று பார்த்தால் தலைகள் வெளியே தெரியும், அயலில் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள். அதனால் வந்தவர்கள் எல்லாரும் நிலத்தில்தான் இருப்பார்கள். படங்களும் ஜன்னற்கட்டைக்குக் கீழேதான் தொங்கும்.

"இஞ்சை ஜன்னலே இல்லையே," என்றேன்.

"எனக்கும் தெரியும். கைக்குத் தெரியேல்லை," என்றார்.

அந்த முன்னறையில் அதிகமாகத் தொங்கியவை அவருடைய சிநேகிதி ஒருத்தியின் ஓவியங்கள். அவள் நாட்டை விட்டு வரவில்லை. அவளுடைய படங்களை உலகத்துக்குக் காட்டாமல் செத்துப்போகக் கூடாது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பிடிவாதம். வருடக்கணக்காகக் கதைத்து, கடைசியில் வழி திறந்தது: படங்களும் வரும், அவளும் அந்நாட்டு அரசாங்க அதிகாரி ஒருவரோடு வருவாள். ஆனால் இவருடைய பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது. இவர் தொகுத்தது என்று தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும். வந்தபின் தெரிந்தால், அவள் திரும்பிப்போனபிறகு அதற்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும். வாழ்நாளில் அவர் செய்த ஆகச் சிறந்த கண்காட்சி, பெயரில்லாமல். திறப்பு விழாவுக்கு வராமலிருப்பதே நல்லது என்றும் இயக்குநர் அம்மா மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கு அவர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உம்மடை சட்டையை ஒருநாளைக்குத் தாறீரே? நான் இதிலை இருக்கப் போறன்."

"முகம் தெரிஞ்சுபோனால்?"

"காவற்காரன்ரை முகத்தை ஆர் பாக்கினம்?"

அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு காலம் வேலை செய்தும் இயக்குநர் அம்மா என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற வங்காளக்காரரின் பெயரால்தான் கூப்பிடுவார். நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஆனால் சட்டையின் கை அவருக்கு மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி மடிப்பை அவிழ்த்துக்கொண்டே, "ஏனாம் அந்த மனிசன் தன்ரை கலியாண வீட்டிலை தானே வாசலிலை நிக்கப்போறார்?" என்று கேட்டாள். நான் சொல்ல வைத்திருந்த பகிடி எதுவும் அதன்பின் எடுபடவில்லை.

திறப்பு ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். கவிஞர் என் சட்டையில், என் கதிரையில், முழங்கால்களை மடக்க இடமில்லாமல் இருந்தார். எனக்கு மாற்றுச் சட்டை இல்லாததால் அவருடைய கோட்டைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அங்கே அகப்பட்டுக்கொண்டேன். கூட வந்த அதிகாரி நேரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோட்டைப் பார்த்து, இந்தக் கண்காட்சியைத் தொகுத்தவன் நான்தான் என்று நினைத்துவிட்டார். இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பார். ஆகவே குலுக்கினேன். பிறகு அவர் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மெல்ல வற்றியது. பிரெஞ்சில் கேட்டார்:

"ஏன் எல்லாத்தையும் இவ்வளவு கீழை மாட்டியிருக்கிறீங்கள்? இப்பிடி நான் வேறை எங்கையோ கேள்விப்பட்டிருக்கிறன்."

மண்டபம் முழுக்கக் கவிஞருடைய கையெழுத்து ஆணிகளாக அடிக்கப்பட்டிருந்தது. பெயரைக் கவனமாக மறைத்தோம். உயரத்தை மறைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. கதிரையில் இருந்தவர் நிலத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

"ஐயா," என்றேன், "நான் கட்டை. எனக்கு எட்டின உயரத்திலை மாட்டினன்."

அதிகாரி என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், என் தோளில் தட்டினார், வைன் கோப்பையைத் தேடிப் போனார். என் உயரத்தால் ஒருவருக்கு நன்மை விளைந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சிநேகிதி எங்களைக் கவனிக்கவில்லை. நரைத்த தலை, சிறிய கைப்பை. மண்டபத்தின் நடுவில் நின்று சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்களை அல்ல, அவை தொங்கிய உயரத்தை. பிறகு ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முழங்கால் நோக நோக, தன் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். இயக்குநர் அம்மா கதிரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்று கையசைத்தாள். மாணவர்கள் இரண்டுபேர் பக்கத்தில் போய் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதி மண்டபம் நிலத்தில் இருந்தது. கவிஞர் மட்டும் கதிரையில், அவளுடைய முதுகைப் பார்த்தபடி. எழும்பிப் போய் அவர்களோடு இருக்க அவருக்கு வழியில்லை. காவற்காரன் அப்படிச் செய்வதில்லை.

போகும்போது அவள் அவருடைய கதிரையருகே நின்றாள். அதிகாரி பக்கத்திலேயே நின்றார். ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டாள், இவர் ஏதோ சொன்னார், அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். என்ன கேட்டாள் என்று மெட்ரோவுக்கு நடக்கும்போது விசாரித்தேன்.

"கதிரை வசதியா இருக்கோ எண்டு கேட்டவ."

"நீங்கள்?"

"பழகிப்போச்சு எண்டனான்."

அவள் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஊர் திரும்பினாள் என்று பின்னர் அறிந்தோம். கவிஞர் அதற்குச் சில மாரிகளுக்குப் பிறகு இங்கேயே காலமானார். அஞ்சலிக் கூட்டத்தில் எல்லாரும் நாடிழந்த கவிஞர் என்றே பேசினார்கள். அந்தக் கண்காட்சியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பேசச் சொல்லியிருந்தால், அவர் பனியைப் பற்றியும் எழுதினார் என்று மட்டும் சொல்லியிருப்பேன். சட்டையை அவர் தோய்த்து, அழுத்தி, திருப்பித் தந்திருந்தார். கையைத் திரும்ப மடித்துத் தைக்கட்டோ என்று மனைவி கேட்டபோது வேண்டாம் என்றேன்.

இப்போது வேலையிலும் இல்லை, நிலவறையிலும் இல்லை. எங்கள் வீட்டில் பெரிய ஜன்னல் உண்டு, தெரு தெரியும். பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களை நான்தான் மாட்டினேன். ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டிலிருந்து வருகிற மைத்துனர் ஒவ்வொரு முறையும் கேட்பார், "என்ன அத்தான், படங்களை நாய் பாக்கவோ மாட்டியிருக்கிறியள்?"

நான் பதில் சொல்லுமுன் மனைவி குசினிக்குள்ளிருந்து சொல்லிவிடுவாள்: "அவர் கட்டையெல்லே."

சொல்லிவிட்டு வந்து, கோப்பியோடு படங்களுக்கு நேரே நிலத்தில் இருப்பாள்.