தர்மலிங்கம் வண்டியில் முதலில் மாற்றியவை

வியாழக்கிழமை மாலை உறுதியான தகவல் இது. மோட்டார் வாகன ஆய்வாளர் தன் அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார். வண்டியின் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சரியாக வேலை செய்கின்றன. முகப்பு விளக்கு எரிகிறது. பெட்ரோல் டேங்கிலோ கைப்பிடியிலோ கால்மிதியிலோ விழுந்த சிராய்ப்பு ஒன்றுகூட இல்லை. அறிக்கையை ஆய்வாளரே எனக்கு வாசித்துக் காட்டினார். முடித்துவிட்டு, "விழுந்த வண்டி இப்படி இருக்காது சார். இது நிறுத்தி வச்ச வண்டி" என்றார்.

அருப்புக்கோட்டையில் சாயப்பொடி வியாபாரம் செய்த தர்மலிங்கம் இறந்து நாற்பது நாள் ஆகிறது. அவர் வேகமாக வந்து கல்லில் மோதி விழுந்ததாகவும், விழுந்தவர் மேல் தன் ஜீப் ஏறிவிட்டதாகவும் ஜீப்பின் சொந்தக்காரர் கொடுத்த புகார்தான் இன்றுவரை பதிவில் இருக்கிறது. கம்பெனி கொடுத்த பிரேக்கையும் விளக்கையும் எடுத்துவிட்டு, வேகத்துக்காகவே மாற்றியமைத்த வண்டி அது என்று அந்தப் புகாரில் ஒரு வரி வருகிறது. இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் சாயம் வாங்கியவர்கள். அந்த வண்டியில் அவர் எதை, எந்த வரிசையில், எதற்காக மாற்றினார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். அன்று காலை ஏழரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. திருச்சுழி சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பலி, பெயர் தெரியவில்லை என்றார்கள். பேசியவர் ஜீப்காரரின் ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. மாலைப் பதிப்புக்கு நேரமாகிவிடும் என்று மதுரையில் என் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு மூன்று வரி சொன்னேன். 'அதிவேகமாக வந்த மோட்டார் சைக்கிள் கட்டுப்பாட்டை இழந்து' என்று தொடங்கும் வரிகள். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் நிருபராக நான் சொல்லிவருகிற வாசகம், யோசிக்காமலே வாயில் வரும். பத்து மணிக்கு மருத்துவமனைக்குப் போனேன். முகத்தில் இருந்த துணியை விலக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே தெரிந்த வலது கையில், நகக்கண்களில் ஊதாச் சாயம் இருந்தது. அவர் இறந்த செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்பே அதை நான் பொய்யாக அனுப்பிவிட்டிருந்தேன். மறுநாள் காலைப் பதிப்பில் என் வரிகளை அப்படியே வைத்து அவர் பெயரை மட்டும் சேர்த்துப் போட்டார்கள்.

அந்த வண்டியை அவர் வாங்கியது எண்பதுகளின் கடைசியில். மதுரையில் ஒரு டாக்டர் எட்டு வருடம் ஓட்டியது. இரட்டை சிலிண்டர், முந்நூற்றைம்பது சி.சி. வேகமாகவும் போகும், நெடுந்தூரமும் தாங்கும். பரமக்குடி, சின்னாளபட்டி, சேலம் என்று தறி ஓடுகிற ஊர்களுக்கெல்லாம் சாய மாதிரிகளைக் கொண்டுபோக அவருக்கு அப்படி ஒரு வண்டி வேண்டியிருந்தது. பாளையம்பட்டியில் மெக்கானிக் கண்ணாயிரத்தின் பட்டறைக்கு வண்டி வந்த அன்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் முன்னால் பளபளக்கும் காவல் கம்பி போடச் சொன்னார். கண்ணாயிரத்துக்கு வேகம் கூட்டும் கார்புரேட்டர் மேல் கண். தர்மலிங்கத்தின் மைத்துனருக்கு சைலன்சர் மேல் ஆசை.

"மச்சான், சைலன்சர மாத்துங்க. நீங்க வார சத்தத்துலயே ஊரு எந்திரிக்கணும்."

"ஊர எழுப்பச் சேவல் கெடக்கு மாப்ள. இது நிக்குமான்னு மொதல்ல பாப்போம்."

ஒரு மாதம் அவர் எதையும் தொடவில்லை. "இது டாக்டர் வண்டி அண்ணாச்சி. அவரு மதுரைக்குள்ளயே சுத்தியிருக்காரு. நம்ம ரோட்டுல இது என்ன செய்யுதுன்னு தெரியாம எதுல கைய வைக்க?" என்றார் என்னிடம். சாய மாதிரி அட்டைகளின் பின்பக்கத்தில், வண்டி எங்கே எப்படி நடந்துகொண்டது என்று குறித்துக்கொண்டே வந்தார். மாத முடிவில் வரிசை தானாக வந்துவிட்டது. டயரில் பட்டை தேயாமல் இருந்தது, ஆனால் பட்டைகளுக்கு நடுவே ரப்பர் வெடித்திருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி யோசித்து நின்றது. விளக்கு வெளிச்சம் பக்கத்திலேயே முடிந்துபோனது. மானாமதுரை தாண்டினால் இடுப்பு வலித்தது.

டயரையும் பிரேக்கையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றார் கண்ணாயிரம். "ஒரே சட்டியில ரெண்டு சாயத்தப் போட்டா எது எந்த நெறம் குடுத்துச்சுன்னு சொல்லுவியாய்யா நீ?" என்று தர்மலிங்கம் மறுத்துவிட்டார். ஒரு மாற்றம், ஒரு வாரம் ஓட்டம், பிறகுதான் அடுத்தது. பாலவனத்தம் சாலையில் ஒரு புளியமரத்தைக் குறியாக வைத்துக்கொண்டார். ஒரே வேகத்தில் வந்து மரத்தடியில் பிரேக் பிடிப்பார், வண்டி நின்ற இடத்திலிருந்து மரம்வரை காலடி வைத்து எண்ணுவார். முதலில் முப்பது காலடி. டயர் மாற்றிய பின் இருபத்தாறு. வேறொரு வண்டியின் பெரிய பிரேக் டிரம்மைத் தேடி எடுத்து முன் சக்கரத்தில் பொருத்திய பின் பதினெட்டு. கூடவே எண்ணிக்கொண்டு நடந்த கண்ணாயிரம் அதற்குப் பிறகு கார்புரேட்டர் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்தது விளக்கு. வயரை மாற்றி ஹாலஜன் பல்பு போட்டார். போட்ட கையோடு கண்ணாடியின் மேல்பாதிக்குத் தானே கறுப்புப் பெயின்ட் அடித்தார். வாங்கின வெளிச்சத்தில் பாதியைப் பூசி மறைக்கிறாரே என்று மைத்துனருக்கு வருத்தம். "எனக்கு வழி தெரியணும், எதுக்க வாரவனுக்குக் கண்ணு தெரியணும். ரெண்டும் சேந்தாத்தான்லே லைட்டு" என்றார். நாலாவதாக இருக்கை. அதோடு சரி. அந்த வண்டி டாக்டரிடம் இருந்தபோது எவ்வளவு வேகம் போனதோ அதே வேகம்தான் கடைசிவரை போனது. வேகத்துக்காக ஒரு திருகாணியைக்கூட அவர் திருகவில்லை. புகார் எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாததை எழுதக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்கும்தான்.

அவரைப் பார்த்து நானும் அதே மாதிரிப் பழைய வண்டி ஒன்று வாங்கினேன். வாங்கியதும் முன்னால் கண்ணாடித் தடுப்பு மாட்டி, அதில் 'பிரஸ்' என்று சிவப்பில் எழுதவைத்தேன். "பிரஸ்ஸுன்னு எழுதினா மாடு ஒதுங்குமாக்கும்?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் காரியாபட்டி பக்கம், முன்னால் போன பஞ்சு லாரி சட்டென்று நிற்க, என் வண்டி நிற்கவில்லை. கருவேலம் புதருக்குள் போய் விழுந்தேன். தகவல் தெரிந்து வந்த தர்மலிங்கம் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு என் பிரேக் பிடியை அமுக்கிப் பார்த்தார். அது கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. புதருக்குள் கிடந்த கண்ணாடித் தடுப்பை எடுத்துத் துடைத்தார். "எழுத்து அழியல அண்ணாச்சி. நல்லா வாசிக்க வருது." அவ்வளவுதான் திட்டு. வண்டியைத் தானே கண்ணாயிரத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இந்தப் பக்கத்துச் சாலைகளில் லாரி பழுதாகி நின்றால் சுற்றிலும் கல்லை வைப்பார்கள். பழுது நீங்கியதும் லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். எல்லோரும் வளைத்து ஓட்டிப் போவோம். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். தர்மலிங்கம் மட்டும் நிறுத்தி, இறங்கி, உருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டுத்தான் போவார். ஒருமுறை கல்லைப் போட்டுவிட்டுக் கிளம்பிய லாரிக்காரரை மறித்துவிட்டார்.

"ஜாக்கிய மறக்காம எடுத்து வச்சீகள்ல? கல்ல எடுக்க மறந்துட்டீகளே."

"ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?"

"எங்கப்பன் வீட்டுதுன்னா ஆள வச்சுல்ல எடுப்பேன். உங்களோட நின்னு நானா உருட்டுவேன்?"

லாரிக்காரர் சிரித்துவிட்டு இறங்கினார். இருவருமாகச் சேர்ந்துதான் உருட்டினார்கள்.

இறந்த அன்றும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பார்த்தவர் மாரியம்மாள், சாலையோரம் விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். ஆறாவது நாள் அவரைத் தேடிப் போனேன்.

"வெளுக்கிற நேரம். வண்டிய ஸ்டாண்டு போட்டு, லைட்ட கல்லு மேல அடிச்சு வச்சுட்டுக் குனிஞ்சு உருட்டுனாக. ரெண்டு கல்லு ஓரத்துக்குப் போயிருச்சு. மூணாவதுக்குக் குனியையில ஜீப்பு வந்துச்சு. ஜீப்புல லைட்டே இல்லய்யா."

"இத யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"யாரு கேட்டீக? ஜீப்புக்காரகளா வந்து கேப்பாக? பேப்பர்ல போட்டீகளாம்ல, நீங்க வந்து கேட்டீகளா?"

விளக்கே இல்லாத ஜீப்பை ஓட்டிவந்தவர், நல்ல விளக்கு வைத்திருந்ததைக் குற்றமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் ஆள் சொன்ன பொய்யை நான் ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதன் யோசித்து, அளந்து, வரிசையாகச் செய்த நல்ல காரியங்கள் ஒவ்வொன்றும் அவனுக்கு எதிரான சாட்சியமாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பதிவு அப்படியே நின்றால், தன் சாவுக்குத் தானே காரணமானவர் என்றுதான் தர்மலிங்கத்தை ஊர் நினைவில் வைத்திருக்கும். கல்லைப் போட்டுவிட்டுப் போன லாரி எது என்று இன்றுவரை யாரும் தேடவுமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். எதை முதலில் செய்வது என்பது. விபத்து என்று போன் வந்தால் இப்போது முதலில் அந்த இடத்துக்குப் போகிறேன். மதுரைக்குப் போன் போடுவது அப்புறம்தான். மாலைப் பதிப்பு போனால் போகட்டும்.

பாக்கி இருப்பவை மூன்று. ஜீப்பை இன்னும் ஆய்வுக்குக் கொண்டுவரவில்லை, சனிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லி ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மாரியம்மாளின் வாக்குமூலம் நீதிமன்றத்தில் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, என் பத்திரிகையின் திருத்தம். அதை எழுதி தர்மலிங்கத்தின் மனைவி கனகவல்லியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "எழுத்து சரியா இருக்குண்ணே. தப்பு எந்தப் பக்கத்துல, எந்த எடத்துல வந்துச்சோ அதே எடத்துல இதுவும் வரணும். உள்ள எங்கயாவது மூலையில போட்டா எனக்கு வேண்டாம்" என்றார். செவ்வாய்க்கிழமைப் பதிப்பில் போட்டுவிடலாம் என்று செய்தி ஆசிரியர் நேற்று ஒப்புக்கொண்டார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.