மூன்று இரவுத் தூக்கம்

அழகமுத்து, அக்குறணையில் ரெக்சின் விற்கும் முஹைதீன் முதலாளிக்கு ஏழு இலட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பதினாறு வருடங்களுக்கு முன்பு, ஐந்து நாள் கண்மூடாமல், கண்டியில் ஓடுகிற பஸ் அத்தனைக்கும் தானே சீட் தைக்கப்போவதாகச் சொல்லி, ஒரு லொறி ரெக்சினைக் கடனுக்கு இறக்கிவிட்டார். அது ஒரு வருத்தம், மனநோய் என்று பிறகுதான் தெரிந்தது. சில மாதம் மனம் கட்டறுத்துப் பறக்கும். சில மாதம் ஆளைப் பாயோடு போட்டுவிடும். பைபோலார் என்றார் டொக்டர்.

நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவர். கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாகக் குஷன் கடை போட்டவர். அந்தக் கடனை ஒரு சதம் மிச்சமில்லாமல் அடைத்தவர். டொக்டர் கொடுத்த குளிசை ஒரு நாள் தவறியதில்லை. மற்றவர்கள் ஒளிந்து போகும் கிளினிக்குக்கு இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். பெருமை பேசாமல் இவருக்குச் சோறு இறங்காது. மனைவி பாப்பம்மா அதையும் கவனித்து வைத்திருந்தாள். செய்து முடித்ததைப் பேசினால் மனிதர் சுகமாயிருக்கிறார். செய்யப்போவதைப் பேசினால் அலுமாரிச் சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். மூன்று இரவு நன்றாகத் தூங்கினால்தான் பெருந்தொகை வெளியே வரும். சுகமாயிருந்த ஒரு நாளில் அவரே போட்ட சட்டம் அது.

போன மாதம் தெல்தெனியவில் பஸ் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு பஸ்ஸுக்குச் சீட் தைத்துத் தரக் கேட்டார். அழகமுத்து பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"ரெக்சின் வாங்க ஒரு லட்சத்து எம்பதாயிரம் எடு பாப்பம்மா. இனி பாரு, தெல்தெனிய ரோட்டுல எந்த பஸ்ஸுல குந்துனாலும் நம்ம சீட்தான்!"

"ராத்திரி எத்தன மணித்தியாலம் தூங்குனீங்க?"

"நாலு."

"மூனு ராத்திரி போகட்டுங்க."

"அதுக்குள்ள அந்தாளு வேற கடையப் புடிச்சிருவாரு. மனுசன் சந்தோசப்பட்டாலும் வருத்தந்தானா?"

அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது.

ஒரு போன் போட்டால் போதும், எந்தக் கடையிலும் கடனுக்கு ரெக்சின் கிடைக்கும். அப்படிப் பேர் எடுத்தவர். போனைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே வைத்தார்.

மறுநாள் கிளினிக்குக்குப் போய், மருந்தின் அளவு பார்க்க இரத்தம் கொடுத்தார். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்தார். முதல் இரவு ஆறு மணித்தியாலம், அடுத்தது ஆறரை, மூன்றாவது ஏழு. பாப்பம்மாதான் சரியாகத் தூங்கவில்லை.

நாலாம் நாள் காலை தெல்தெனியக்காரர் போனில் கோல் எடுத்தார். அவசரமாம், ஒரு பஸ்ஸை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"ஒன்னு போச்சு," என்றார் அழகமுத்து.

"என்னாலதாங்க."

"ஒன்னாலயா? நான் போட்ட சட்டம், நான் காத்தேன். இந்தக் கண்டியில இப்பிடி இன்னொரு ஆளக் காட்டு பாப்போம்!"

பாப்பம்மா அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, ஒரு பஸ்ஸுக்கான தொண்ணூறாயிரத்தை, அவர் விரித்த உள்ளங்கையில் தாள் தாளாக எண்ணி வைத்தாள்.