மூன்று வளையங்களும் அந்தோனியின் கடிதமும்

கரண்ட் ட்ரான்ஸ்ஃபோமர் சோதிப்பது என் தொழில். சோதிக்கப் போன இடமெல்லாம், அதைப் பொருத்தியவரைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

இதே தொழிலில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: அது ஒரு வளையம். நடுவால் பெரிய கரண்ட் போகும், அதற்கு ஏற்ற சின்னக் கரண்ட் வெளியே வரும். எந்த முனையில் வயரைக் கொடுக்கிறோம், வளையம் எந்தப் பக்கம் பார்க்கிறது, இரண்டையும் கவனித்தால் போதும். அந்த இரண்டைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை.

ஆறு மணி இருட்டு

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. பின்னேரம் எல்லோரும் வீடு வந்து ஏசியைப் போட்டதும், ஆறு மணிக்கு மெயின் பிரேக்கர் விழுந்து கட்டடமே இருண்டுவிடும். காவலுக்கு இருக்கும் ரிலே, கரண்ட் நிலத்துக்குக் கசிவதாகக் காட்டும். கட்டடத்து எலக்ட்ரீஷியன் அந்தோனி, கொட்டாஞ்சேனைக்காரர், மனேஜர் சொல்லச் சொல்லப் பன்னிரண்டு வீட்டுச் சுவரை உடைத்துத் தேடியிருந்தார். கசிவு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போகும் என்ற கடிதம் மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்; வளையங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். மனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ரிலே பொய் சொல்லாது, மிஸ். மனுசர்தான் சொல்லுவினம்.”

நடுமுனை

பெனலைத் திறந்தேன். மூன்று மெயின் வயருக்கும் ஒவ்வொன்றாக மூன்று வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் மூன்று முனைகள்: முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கொடுத்தால் இருநூறு அம்பியர் கணக்கு, மூன்றாவதுக்கு என்றால் நானூறு. ரிலேக்கு நானூறு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வயர் இருநூறில் இருக்கிறது. நூறு அம்பியர் போனால் ரிலே அதை இருநூறு என்று நம்பும். பெனல் பொருத்திய கம்பனியின் இஞ்சினியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் குரலில் பதில் வந்தது.

“மூண்டு இருந்தா நடுவில குடுக்கிறதுதான் சேஃப், மிஸ்.”

என் கெட்டித்தனம்

வயரை மாற்றினேன். நானும் லேசுப்பட்டவளல்ல: ஒரு பிழையைக் கண்டதும், இன்னொன்று இருக்குமா என்று பாராமல் கல்கிசையிலுள்ள வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். அன்று பிரேக்கர் ஆறு மணிக்கு விழவில்லை. ஏழு மணிக்கு விழுந்தது. அடுத்த நாள் வெள்ளி. வெட்கமாக இருந்தது, என் அவசரத்தால் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது.

வெள்ளி காலையிலேயே கரண்டை நிறுத்தி, சின்ன பற்றரியையும் ஊசி மீட்டரையும் எடுத்து ஒவ்வொரு வளையமாகத் தட்டிப் பார்த்தோம். நான் பற்றரியைத் தொட, அந்தோனி ஊசியைப் பார்த்தார். ஓரத்து இரண்டுக்கும் ஊசி வலப்பக்கம் துள்ளியது; கடைசியாக நடு வளையத்தைத் தட்டியதும் அவர் நிமிர்ந்தார்.

“மிஸ், நடுவுல இருக்கிறது மட்டும் இடப்பக்கம் துள்ளுது!”

வடிவு

மூன்று வளையங்களின் கரண்டையும் ரிலே கூட்டிப் பார்க்கும். கசிவில்லாவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று வெட்டிப் பூச்சியத்துக்குக் கிட்ட வர வேண்டும். ஒன்று திரும்பியிருந்தால் வராது. ஏசிகள் கூடக் கூட வளரும் அந்த மிச்சத்தைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளும். அந்த நடு வளையம் பிறகு புறக்கோட்டையில் வாங்கிய வேறு மேக். அதன் லேபல் மறுபக்கத்தில் இருந்ததாம். அதனால் திருப்பி மாட்டினார்களாம். கூசாமல் சொன்னார் இஞ்சினியர்.

“லேபல் மூண்டும் ஒரே பக்கம் பாக்காட்டி ஃபோட்டோவில வடிவா இருக்காது, மிஸ்.”

விளக்கம்

வளையத்தைத் திருப்பினோம். ஆறு மணி போனது, ஏழும் போனது, எட்டும் போனது. லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தோனி கடிதத்தை எடுத்து மனேஜரின் மேசையில் வைத்தார். மனேஜர் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து அந்தோனியைப் பார்த்தார்.

“அப்ப ஏன் காணும், பிழையில்லாத சுவரையெல்லாம் உடைச்சனீர்?”

வளையத்தை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று தெரியாதவர்கள்கூட, பழியை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதில் ஒருநாளும் பிழை விட்டதில்லை.