வாஷிங் மெஷின் மேல் வைத்த டிஸ்க்

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. ஆர்லன் ஸ்கோக்மன் கதை கட்டுகிற ஆள் இல்லை. டுலூத்தில் இரும்புத்தாது ஏற்றுகிற கப்பல்துறையில் முப்பத்தோரு வருடம் எலெக்ட்ரீஷியன். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். பிடித்த மீனின் நீளத்தைக்கூட அரை அங்குலம் கூட்டிச் சொல்லமாட்டார். அன்று நடந்ததை நேரத்தோடு ஒரு காலண்டர் தாளின் பின்புறம் குறித்திருக்கிறார். அந்தத் தாளை நான் பார்த்தேன். கீழே போகப் போகக் கையெழுத்து கோணிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை. பகல் 2:10. தெருவில் பனி வாரும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போன பிறகுதான் பேஸ்மென்டிலிருந்து "பீப்... பீப்..." என்று கேட்டது. அங்கே ஆர்லனின் சர்வர் இருந்தது. பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, நாலு டிஸ்க் செருகிய ஓர் இரும்புப் பெட்டி. வீட்டுப் படம், வீடியோ எல்லாம் அதில்தான். அந்தப் பெட்டி கண் விழிக்க ஒரு சின்ன பென் டிரைவ் வேண்டும். எந்த டிஸ்க்குக்கு என்ன வேலை என்ற விவரம் முழுவதும் அந்தப் பென் டிரைவில் இருக்கும். அது செத்துக் கிடந்தது. தொட்டால் சுட்டது.

மைத்துனன் டுவேனுக்குப் போன் போட்டார். சர்வரை அமைத்துக் கொடுத்தவன் அவன்தான். அன்று உறைந்த ஏரியின் மேல் கூடாரம் போட்டு, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த விவரத்துக்கெல்லாம் பேக்கப் வச்சிருக்கீங்கதானே மச்சான்?"

"வச்சிருக்கேன்."

"எங்க?"

ஆர்லன் அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார்.

"சர்வர்லயேவா?"

"ஆமா."

"பீரோ சாவியை பீரோக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டீங்க. நீங்க வயரிங் பண்ணின கப்பல் எல்லாம் எப்படித்தான் கரை சேர்ந்துச்சோ." டுவேன் சிரித்து முடித்தான். "சரி விடுங்க. புது பென் டிரைவ் ஒண்ணு போடுங்க. டிஸ்க்ல உள்ளது எங்கயும் போகாது. எது காவல் டிஸ்க்னு மட்டும் சரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னீங்கன்னா அந்த டிஸ்க் காலி."

காவல் டிஸ்க் என்பது டுவேன் வைத்த பெயர். அதில் படமோ பாட்டோ இருக்காது. மற்ற மூன்றில் ஒன்று கெட்டால் அதை மீட்கிற கணக்கு மட்டும் இருக்கும். எந்த டிஸ்க்கைக் காவல் என்று சொல்லித் தொடங்கு என்பதை அழுத்துகிறோமோ, அதைச் சர்வர் அந்த நிமிடமே அழித்து எழுதத் தொடங்கிவிடும்.

ஆர்லன் உடனே டிஸ்க் எதையும் தொடவில்லை. காரணம் லவோன்.

அவர் மனைவி லவோன் இறந்து பதினைந்து மாதம். நுரையீரல் நோய். கடைசி நாலு மாதம் ஆக்ஸிஜன் மெஷினோடு ஒரே அறையில் கிடந்தாள். இரவில் அவளைக் கவனிக்க ஆர்லன் ஒரு கேமரா வைத்திருந்தார். அது பதிந்ததெல்லாம் சர்வரில் சேர்ந்தது. கடைசி வாரத்தில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை இந்தக் கோலத்துல வச்சிருக்காத ஆர்லன். அழிச்சுடு." மறுநாளும் கேட்டாள். "அழிச்சுட்டியா?"

"அழிச்சுட்டேன்," என்றார்.

அழிக்கவில்லை. வீட்டில் எல்லாரையும் வீடியோ எடுத்தவள் அவள்தான். அதனால் வேறு எந்த வீடியோவிலும் அவள் இல்லை. மூச்சுக்குத் திணறுகிற குரலாக இருந்தாலும் அது அவள் குரல். அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. அழித்துவிட்டதாக டுவேனிடமும் சொல்லியிருந்ததால், வேறு எங்கும் ஒரு நகல் வைக்கவும் துணியவில்லை.

2:40. ஒவ்வொரு டிஸ்க்காக உருவி லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். மூன்றில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. 0938 என்று எண் முடிகிற டிஸ்க்கில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் காவல். நீல டேப் ஒட்டி "காவல்" என்று எழுதினார். லவோன் இருந்தது 4471-இல். கடைசியாக வாங்கிய பெரிய டிஸ்க் அது. அவள் பதிவுகளை எல்லாம் அதற்கு மாற்றியிருந்தார்.

அத்தனையையும் இழுத்துப் போட லேப்டாப்பில் இடம் இல்லை. ஓடுகிறதா என்று பார்க்க ஒன்றே ஒன்றை இழுத்துப் போட்டார். நவம்பர் 3. இரண்டு நிமிடம் கேட்டார். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

3:05. டிஸ்க்குகளைச் செருகிப் புது பென் டிரைவில் சர்வரைக் கிளப்பினார். திரையில் முதல் இடம் காவலுக்கு; அதில் 0938-ஐத் தேர்ந்தெடுத்தார். காபி சூடு பண்ண மேலே போனார்.

3:12. திரும்பி வந்தார். காவல்: 4471.

கை தவறியிருக்கும் என்று நினைத்தார். மாற்றினார்.

விளக்கைப் போடத் திரும்பினார். மூன்று விநாடிதான் இருக்கும்.

காவல்: 4471.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். சர்வரின் விசிறிச் சத்தம் மாறியிருந்தது. "உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக்." நாலு மாதம் ராத்திரி பகலாகக் கேட்ட சத்தம் அது.

3:26. மறுபடியும் டுவேனுக்குப் போன் போட்டார்.

"டே, அங்கேர்ந்து நீ ஏதாவது நோண்டுறியா?"

"நான் ஏரி நடுவுல உக்காந்து ஓட்டையைப் பாத்துக்கிட்டிருக்கேன்." பிறகு கேட்டான். "மச்சான்... அக்காவோட ஆக்ஸிஜன் மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டீங்கதானே?"

"அப்பவே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏன்?"

"இல்ல... சத்தம் கேக்குதே..."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கிடைக்கவில்லை.

ஆர்லன் பிடிவாதக்காரர். வம்பே வேண்டாம் என்று சர்வரை அணைத்தார். 4471-ஐ வெளியே உருவினார். எண்ணை வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். ஆறடி தள்ளி இருந்த வாஷிங் மெஷின் மேல் வைத்தார். பெட்டியில் இல்லாத டிஸ்க்கை யார் அழிக்க முடியும்?

சர்வரை மறுபடியும் கிளப்பினார். மூன்றே டிஸ்க். காவல்: 0938. நாலு தடவை சரிபார்த்தார்.

4:30. தொடங்கு என்பதை அழுத்தினார்.

திரையில் ஒரு வரி வந்தது.

"எழுதப்படுகிறது... 4471."

மெதுவாகத் திரும்பினார்.

வாஷிங் மெஷின் மேல் டிஸ்க் இருந்தது. அதில் நீல டேப். அவர் கையெழுத்து. "காவல்."

0938.

தொட்டார். அப்போதுதான் உருவியதுபோல் சூடாக இருந்தது.

4:31. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. விசிறி நின்றது.

4471-இன் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

உஸ்ஸ்... டக்.

இழுத்தார். டிஸ்க் அசையவில்லை.

உஸ்ஸ்... டக்.

பிளக் அவர் இடது கையில் இருந்தது...

அப்படியே தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் அழுதுகொண்டே சொன்னார்.

"நான் அழிக்கல லவோன். பொய் சொன்னேன்."

விளக்கு அணைந்தது.

4:52.

0938-ஐ வைத்து மீட்கலாம் என்று டுவேன் பார்த்தான்; அதிலிருந்த கணக்கும் அழிந்திருந்தது. 4471-ஐ மினியாபொலிஸில் ஒரு மீட்புக் கடைக்குக் கொண்டுபோனான். மூன்று வாரம் கழித்து, ஒரு தாளோடு அது திரும்பி வந்தது. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட இல்லை, முழுக்க வெறுமை. இவ்வளவு பெரிய டிஸ்க்கை அழித்து எழுத முப்பது மணி நேரம் ஆகுமே, இருபத்திரண்டு நிமிடம் என்கிறீர்களே என்று அவர்களே கேட்டிருந்தார்கள்.

மிஞ்சியது லேப்டாப்பில் போட்டிருந்த அந்த ஒன்றுதான். நவம்பர் 3. அன்று மதியம் ஆர்லன் அதை முழுவதும் கேட்டார். நாற்பத்தேழாவது நிமிடம். மெஷின் சத்தத்துக்கு நடுவில் லவோன் தெளிவாகப் பேசினாள்.

"நாலு... நாலு... ஏழு... ஒண்ணு. அதை முதல்ல போடு, ஆர்லன்."

மூன்று தடவை கேட்டார். பிறகு எண்ணைச் சரிபார்க்கக் கடைக்காரர்கள் தந்த தாளை எடுத்தார். எண் சரிதான். அதற்குக் கீழே டிஸ்க் தயாரான மாதம் இருந்தது. ஏப்ரல். லவோன் இறந்த நவம்பருக்கு அடுத்த ஏப்ரல்.

அவள் அந்த எண்ணைச் சொன்னபோது அந்த டிஸ்க் உலகத்தில் இல்லை.

இதையெல்லாம் என் சமையலறையில் உட்கார்ந்து சொல்லி முடித்துவிட்டு, ஆர்லன் காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காபி ஆறிப்போயிருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்த ஒரு பதிவு... அதை என்ன பண்ணின?"

ஆர்லன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அழிச்சுட்டேன்," என்றார்.