வற்றவிடாத பால்

சினையாயிருக்கும் செம்மறிகளுக்குக் குட்டி ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். தானியத்தை எடுத்துவிட்டு வெறும் வைக்கோல் போட்டால் பால் தானே வற்றும்; மடிக்கும் ஓய்வு கிடைக்கும். காலமெல்லாம் பட்டி வைத்திருந்த அந்தப் பெரியவருக்கு இது தெரியாததன்று. ஆனால், மனைவி இறந்துபோன பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. பாலாடைக்கட்டி ஆலையின் வண்டி காலையில் வாசலில் நிற்கும் சில நிமிடங்களில்தான் அவர் வாய் திறந்து பேசினார். பால் இல்லையென்றால் வண்டி ஏது?

ஆகவே, ஐந்து ஆடுகளை மட்டும் வற்றவிடாமல் வைத்துக்கொண்டார். மாலைக் கறவையை விட்டுவிட்டார். தொட்டியில் பார்லி மட்டும் குறையவில்லை.

வண்டியோட்டி பால்கேனைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன பெரியப்பா, இதுக்கு வண்டி எதுக்கு? சட்டைப் பையில ஊத்திக்கிட்டே போயிடலாம் போல.”

“இருக்கிறதத்தானே தம்பி குடுக்க முடியும். உன் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருச்சா?”

“முளைச்சு, என்னையே கடிச்சும் பாத்துட்டா.”

அந்தப் பதிலை மாலைவரை அசைபோட்டுக் கொண்டிருந்தார்.

மறுவாரம் சாம்பல்காதி என்ற ஆடு பின்னங்கால்களை அகட்டி நின்றது. மடியின் ஒரு பக்கம் கொதித்தது; கல்லாய் இறுகியிருந்தது. பீய்ச்சிய பாலில் திரிதிரியாய்க் கட்டிகள். மருத்துவரம்மா வந்து ஊசி போட்டுவிட்டு, மற்ற நான்கின் மடிகளையும் அழுத்திப் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் பால் கட்டி நிக்குது. இன்னமும் தானியமா போடுறீங்க?”

“ஆமாம்மா.”

“நீங்களா இப்படி? பால் காசுக்கு அவ்வளவு முடையா?”

“முடையெல்லாம் இல்லம்மா.”

“இன்னிக்கே நிறுத்துங்க. இல்லேன்னா இதுக்கு வீங்கின பக்கத்து மடி செத்துரும். பொறக்கப்போற குட்டி எதைக் குடிக்கும்?”

அன்றே பார்லி மூட்டையின் வாயைக் கட்டினார். ஆடுகள் வைக்கோலை முகர்ந்துவிட்டு அவரைப் பார்த்துக் கத்தின. மறுநாள் காலை வெறும் கையோடு வாசலில் நின்றார்.

“இனிமே குட்டி போட்டப்புறந்தான் தம்பி.”

“நல்லதாப் போச்சு, கொஞ்சம் இடுப்பை நிமித்துங்க. வரட்டுங்களா?”

“பாத்துப் போ.”

சும்மாவாவது வந்து போயேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வேலைக்குப் போகிறவனை அப்படிக் கேட்கலாமா என்று தயங்குவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

கத்தல் ஓய்ந்தது, வீக்கம் மெல்ல வடிந்தது. சாம்பல்காதியின் மடி மெத்தென்று இளகியிருப்பதை ஒரு நாள் அவர் விரல்கள் உணர்ந்தன.

“பொழைச்சிட்ட போ” என்றார்.

பல நாளாகப் பேசாத குரல் பாதியிலேயே கம்மிப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.