ஏழு பேர் படம்

அனுமந்தன்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் புது டீச்சர் வந்தபோது எனக்கு ஆறு வயது. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். அதுவரை மணலில் விரல் தேயத் தேய எழுதி அழுதுகொண்டிருந்தோம். அவர் வந்த அன்றே கரும்பலகையில் ஒரு காக்காவை வரைந்து பக்கத்தில் 'கா' என்று எழுதினார். மூன்று மாம்பழம் போட்டு மூன்று எழுதினார். படம் இருந்தால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் மண்டையில் ஏறும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு ஏறத்தான் செய்தது.

ஒருநாள் ஆளுக்கொரு பழுப்புத் தாளும் கலர் சாக்குக்கட்டியும் கொடுத்தார். "உங்க வீட்டுல இருக்கிற எல்லாரையும் வரைங்க. கீழே எத்தனை பேர்னு எண்ணி எழுதுங்க" என்றார்.

நான் அய்யா, ஆத்தா, அண்ணன், நான், கைக்குழந்தையான தங்கச்சி என்று ஐந்து பேரை வரைந்தேன். தாளில் இன்னும் இடம் இருந்தது. மலைவீட்டு அக்காவையும் அவள் மகனையும் சேர்த்து, ஏழு என்று எழுதினேன்.

அய்யா வண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற குமுளிக்குப் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். அங்கே புல் வேய்ந்த ஒரு வீட்டில் அந்த அக்கா எனக்குக் கப்பைக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். சின்னப் பயல் ஒருவன் அய்யா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். திரும்பி வரும்போது அய்யா, "ஆத்தாட்ட எதுவும் சொல்லக்கூடாது தாயி" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரையக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

படங்களையெல்லாம் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, டீச்சர் பெற்றவர்களை வரச்சொன்னார். அய்யாவும் ஆத்தாவும் வந்தார்கள். ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் எழுதிக் காட்டியிருந்தால் கடந்து போயிருப்பாள். ஆனால் இது படம். விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணி வந்தவள் ஆறாவதில் நின்றாள்.

"இவுக யாருடி?"

"மலையில அய்யா வீட்டுல இருக்காகள்ல, அந்த அக்கா. இது தம்பி. அய்யாவ அச்சான்னு கூப்புடுவான்."

அந்த மலையாள வார்த்தைக்கு அப்பா என்று அர்த்தம் என்பது தெரியாத பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. டீச்சர் முகம் வெளுத்தது. ஆத்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அய்யா நின்ற இடத்தில் அய்யா இல்லை.

ஆத்தா, "பிள்ள கணக்கச் சரியாத்தான் போட்டிருக்கு டீச்சர்" என்றாள். தாளைக் கயிற்றிலிருந்து உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

இரண்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டில்தான் சாப்பிட்டோம். அய்யா மாட்டுத் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆத்தா என்னை அடிக்கவுமில்லை, பேசவுமில்லை. கூட்டல் தப்பாகிவிட்டது, அதனால்தான் இவ்வளவும் என்று எனக்குப் பட்டது. மூன்றாம் நாள் காலையில் சிலேட்டில் ஐந்து பேரை மட்டும் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன்.

"இப்பச் சரியா ஆத்தா?"

ஆத்தா சிலேட்டையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து குச்சியை வாங்கினாள். அவள் குச்சி பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தைப் போட்டு, கையும் காலும் இழுத்தாள். அந்தப் பயல். அந்த அக்காவைப் போடவில்லை.

"ஆறு எப்படி ஆத்தா வரும்?" என்றேன். அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அடுத்த முறை அய்யா வண்டி கட்டியபோது, அண்ணனுக்குச் சின்னதாகிப்போன சட்டையைத் துவைத்து மடித்து ஆத்தா அரிசி மூட்டைமேல் வைத்தாள். அய்யா சட்டையைப் பார்த்தார். ஆத்தா முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அண்ணன் சட்டை அடுத்து எனக்குத்தான் வரும் என்று காத்திருந்த நான், அதை எதற்கு மலைக்கு அனுப்புகிறாள் என்று விளங்காமல், வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் புழுதியில் புரண்டு அழுதேன்.