கிளட்சை விட்டுத் துள்ளிய ஒயின்

மாஸ்டருக்கு வாய் ஓயவே ஓயாது. தொழில் அப்படி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச், கிளட்ச்... விடுங்க, மெதுவா விடுங்க... கண்ணாடியப் பாருங்க, என் மூஞ்சியப் பாக்காதீங்க" என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் மட்டும் வாயை எப்படி மூடிக்கொள்வார்? மனைவி அடுப்பைப் பற்ற வைத்தால் "மெதுவா" என்பார். நாற்காலியைப் பின்னால் இழுத்தால் "பின்னாடி பாத்து" என்பார். அந்த அம்மாள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். நாள் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுப் பழகிய காது. அதனால் இவர் பேச்சு அவளுக்கு மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவர் வாயடைத்துப்போனது ஒரு கண்ணாடிக் கோப்பைக்கு முன்னால்தான்.

மனைவியின் அண்ணன், மாஸ்டருக்கு மச்சான், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். எதைச் சொன்னாலும் அதன் முப்பாட்டனிடமிருந்து தொடங்குகிறவர். குடை வேண்டும் என்று கேட்டால் மழை எப்போது முதலில் பெய்தது என்று ஆரம்பிப்பார். அவர் விடுமுறையில் ஏதோ ஒரு வகுப்புக்குப் போய் ஒயினை ருசி பார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வந்த வேகத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டிலும் அட்டைப்பெட்டி நிறைய வயிறு பெருத்த கோப்பைகளுமாகத் தங்கை வீட்டில் இறங்கிவிட்டார். கூடவே அவர் மனைவியும் வந்தாள். தையல் மெஷின் கம்பெனி ஒன்றில் மேனேஜர். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும்.

மாஸ்டர் அதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஒழுக்கம் என்று சொல்ல முடியாது, பயம். குடித்துவிட்டு வண்டியைத் தொட்டால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் பிழைப்பு போகும்.

"நாளைக்கு உங்களுக்கு லீவுதானே மாப்ளை?" என்றார் மச்சான்.

"லீவுதான் மச்சான். ஆனா சாவி பையில இருக்கே."

மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இப்ப இல்ல. குடிங்க."

மச்சான் பாட்டிலைத் திறந்தார். ஆளுக்கு இரண்டு விரல் அளவு சிவப்பு ஒயின் ஊற்றினார். கோப்பையைச் சுழற்றச் சொன்னார். மாஸ்டர் சுழற்றிய சுழற்றலில் பாதி மேஜைவிரிப்பில் போய் விழுந்தது. மூக்கை உள்ளே விடச் சொன்னார். மாஸ்டரின் மூக்கு கொஞ்சம் தாராளமானது, நுனி நனைந்து வந்தது. பிறகு மச்சான் கண்ணை மூடி, "கருப்புச் செர்ரி... புகையிலை... பழைய தோல் பெட்டி..." என்று ஒவ்வொன்றாக இறக்கினார்.

"தோல் பெட்டிய எப்ப நக்கிப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி ஒரு சிரிப்பு சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

மாஸ்டரின் மனைவி ஒரு வாய் குடித்தாள். "இருமல் மருந்து. சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன்" என்று தீர்ப்புச் சொல்லி வறுத்த கடலைக்குத் திரும்பினாள்.

"மாப்ளை, நீங்க?"

மாஸ்டர் குடித்தார். விழுங்கினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "நல்லா இருக்கு" என்றார்.

"நல்லா இருக்குன்னா? என்ன ஞாபகம் வருது? எதை மாதிரி இருக்கு?"

மாஸ்டர் செர்ரியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். புகையிலையைத் தொட்டதில்லை. இன்னொரு வாய் குடித்தார். முழி பிதுங்கியது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிவிட்டார்:

"இது கிளட்ச சட்டுனு விட்டுடுது மச்சான். எடுத்ததும் ஒரு துள்ளு துள்ளுது. அப்புறம் தானா சுதாரிச்சுக்கிட்டு நேரா போகுது. ஆனா நிறுத்தும்போது கொஞ்சம் லேட்டாத்தான் பிரேக் போடுது. பாருங்க, இன்னும் தொண்டையில ஓடிக்கிட்டே இருக்கு."

மச்சானின் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயோ, ஆமாங்க அண்ணா! துள்ளுது!" என்றாள். மாஸ்டரின் மனைவிகூடக் கடலையை விட்டுவிட்டு மறுபடி குடித்துப் பார்த்தாள். துள்ளத்தான் செய்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறினாலும் ஒயின் தவறவில்லை. ஒரு வாரம் இந்த வீடு, ஒரு வாரம் அந்த வீடு. அந்த வீட்டுக்கு மாஸ்டர் நடந்தே போவார், பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு. வழியில் மாணவர்கள் யாராவது பார்த்து வணக்கம் சொன்னால் கூச்சத்தில் பாட்டிலுக்கும் சேர்த்துத் தலையாட்டுவார்.

ஒரு வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு, "காலையில காலி ரோடு. ஜன்னல இறக்கியாச்சு. சிக்னல் எல்லாம் பச்ச" என்றார். இனிப்பு ஒயின் ஒன்றுக்கு, "பின்சீட்ல பிள்ளைங்க மிட்டாய் கொட்டிட்டாங்க, வண்டி வெயில்ல நின்னுடுச்சு" என்றார். நுரைக்கிற ஒயின் வந்தபோது, "வரிசையா குட்டிக் குட்டி ஸ்பீட் பிரேக்கர்" என்று சொல்லி விக்கினார். மச்சான் பத்திரமாகப் பூட்டிவைத்திருந்த, பேரைச் சொல்லவே பயிற்சி வேண்டிய ஒரு பாட்டிலை எடுத்து வந்த அன்று, மாஸ்டர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "இவரு வண்டி ஓட்டுறத விட ஹாரன் அடிக்கிறதுதான் ஜாஸ்தி" என்றார்.

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. இப்போதெல்லாம் அவர் ஒரு திராட்சைத் தோட்டத்தின் கதையைத் தொடங்கினால், "சரி சரி, மாஸ்டர் என்ன சொல்றாரு?" என்று அவர் மனைவியே குறுக்கே வந்தாள். கற்றுக்கொடுத்தவன் ஓரமாக நிற்கிறான், கற்றுக்கொண்டவன் கொடி கட்டிப் பறக்கிறான் என்று மச்சான் தங்கையிடம் போனில் பொருமினார்.

"அவர் ஒண்ணும் கத்துக்கல அண்ணா. அவருக்கு எல்லாமே கார்தான். கல்யாணத்தன்னிக்கு என்னைப் பாத்து 'நல்ல கண்டிஷன்'னு சொன்ன மனுஷன்" என்று அவள் சமாதானம் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் கடைக்காரம்மா கதைக்குள் வருகிறாள். பெரிய தெருவில் ஒயின் மட்டுமே விற்கிற ஒரு சின்னக் கடை அவளுடையது. பெட்டிகளை வாடிக்கையாளர் வீடுகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சின்ன வேன் ஒன்றை வாங்கிக் கடைவாசலில் நிறுத்திவிட்டு, ஓட்டக் கற்றுக்கொள்ள மாஸ்டரிடம் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத விதி இல்லை, புரியாத பலகை இல்லை. ஆனால் டெஸ்ட் எடுக்கப் போகும்போதெல்லாம் தோற்றுவிட்டு வந்தாள். "எல்லாம் தெரியுது, ஆனா வண்டி நகர மாட்டேங்குதே" என்று டெஸ்ட் எடுக்கும் அதிகாரியே வருத்தப்பட்டாராம்.

பயிற்சியின் நடுவே மாஸ்டர் தன் சனிக்கிழமைப் பிரதாபங்களை அளந்துவிட, அவளுக்கு ஒரே உற்சாகம். "அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையில வாடிக்கையாளருக்கெல்லாம் ருசி பாக்கக் கொடுக்கிறேன். நீங்க வந்து பேசணும் மாஸ்டர்" என்றாள். மாஸ்டர் மச்சானையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். குடும்பத்தில் சமாதானம் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பிவிட்டது. மச்சான் கோட்டு போட்டுக்கொண்டு வந்து திராட்சையின் பூர்வீகத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் திராட்சையைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடத்திக் கரை சேர்ப்பதற்குள் தட்டிலிருந்த ரொட்டியும் சீஸும் தீர்ந்துவிட்டன. பிறகு மாஸ்டர் எழுந்தார். முதல் பாட்டிலுக்கே கைதட்டல். இரண்டாவதற்கு ஒருவர் சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது, நல்ல கருஞ்சிவப்பு. கடைக்காரம்மா அப்போதுதான் கார்க்கைப் பிடுங்கி உடனே ஊற்றிக் கொடுத்தாள். மாஸ்டர் குடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது எப்படின்னா... திரும்பத் திரும்ப டெஸ்ட்ல தோத்துப்போன ஒருத்தங்க மாதிரி. எல்லாம் தெரியும். படிப்பு இருக்கு, அறிவு இருக்கு. ஆனா ஸ்டீயரிங்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விட மறந்துடுறாங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கும் மூச்சு முட்டுது. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி நிக்குது!"

சொல்லும்போதே தோளைக் காதுவரை தூக்கி நடித்தும் காட்டினார். கடையே அதிர்ந்தது. மாஸ்டரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே கடைக்காரம்மா பாட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன.

"அடுத்த பாட்டில்" என்றாள், மெல்லிய குரலில்.

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்? அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்கள நெனச்சே பாக்கல. ஒயினத்தான் சொன்னேன்."

"ஒயினுக்கு ஏதுங்க தோள்பட்ட?" என்றாள் மனைவி.

மறுநாள் பயிற்சிக்குக் கடைக்காரம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வந்தாள். கதவைச் சாத்தினாள். வாயே திறக்காமல் ஓட்டினாள். மாஸ்டரும் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் பழக்கதோஷம், "கிளட்ச், கிளட்ச்" என்று வாய் தானாக முனகியது. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரோரம் அவள் வண்டியை நிறுத்தினாள்.

"நேத்து அந்த மூணாவது பாட்டில், அது நான்தானே?"

மாஸ்டர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "ஆமாங்க" என்று வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்லல."

"நீங்க சொன்னது சரிதான்" என்றாள். "ஆனா பாட்டில் மேல தப்பில்ல. அது காத்து வாங்க வேண்டிய ஒயின். திறந்து ஒரு மணி நேரமாவது சும்மா விடணும். நேத்து கூட்டத்தப் பாத்து நான் அவசரப்பட்டுட்டேன், அதான் அது இறுகிப்போய் நின்னுச்சு."

"ஓகோ" என்றார் மாஸ்டர்.

"நான் இந்தக் கதவத் திறந்து உள்ள உக்காந்த நிமிஷத்துல இருந்து நீங்க என் காதுக்குள்ள உக்காந்துக்குறீங்க. கிளட்ச்னா கிளட்ச், கண்ணாடின்னா கண்ணாடி. எனக்குக் காத்து எங்க இருக்கு மாஸ்டர்?"

மாஸ்டருக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்கத்தான் அவர் எங்கே இடைவெளி விட்டார்?

"சரி, நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருங்க."

சும்மா இருப்பது என்றால் சும்மாவா? மறுநாள் மனைவி தொண்டை மாத்திரை ஒரு பட்டை கொடுத்தனுப்பினாள். பேச்சு முட்டும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். கடைக்காரம்மா குறுகலான சந்தில் திரும்பியபோது இரண்டு மாத்திரை போட்டார். ஒரு தண்ணீர் லாரியை முந்தினாள், நான்கு. அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கால் அதன்மேல் துடித்தது, மிதிக்கவில்லை. சந்தையைத் தாண்டும்போது அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவள் தோள்கள் காதை விட்டு இறங்கியிருந்தன. அதைவிட ஆச்சரியம், அவள் சன்னமாக ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த டெஸ்ட்டில் பாஸாகிவிட்டாள். அதிகாரி கீழே இறங்கி, "இவ்வளவு நாளா இத எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு நான்கு பேரையும் உள்ளே உட்கார வைத்தாள். அதே மூன்றாவது பாட்டில் ரகம். இந்த முறை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தாள். தனக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விடப்போவது அவள்தானே. மாஸ்டர் குடித்தார். போன தடவை குடித்தது இதுவேதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. முரட்டுத்தனம் எல்லாம் கழன்று, மெத்தென்று வந்து உட்கார்ந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றார் மச்சான், பல வாரங்களில் முதல்முறையாக மலர்ந்த முகத்தோடு. பிறகு தானே முன்வந்து, கருப்புச் செர்ரியையும் தோல் பெட்டியையும் இறக்கினார். இந்தத் தடவை அதைக் குறுக்கே வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

வேனில் மாஸ்டருக்குப் பின்சீட்டில்தான் இடம். பின்சீட்டில் உட்கார்ந்து பழக்கம் இல்லாதவர். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து முன்சீட்டில் இருந்த மச்சானின் முதுகை உதைத்துக்கொண்டே வந்தார். மச்சான் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் கண்ணெல்லாம் கடைக்காரம்மாவின் கையிலும் காலிலுமே இருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரை எப்போதும் மனைவிதான் ஓட்டுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாலைகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வருவார். இறங்கும்போது மாஸ்டரின் காதருகே குனிந்தார்.

"மாப்ளை, இந்த வயசுல கத்துக்க முடியுமா?"

"தாராளமா. திங்கக்கிழம காலையில வந்துடுங்க மச்சான்."

திங்கட்கிழமை வந்தார், கோட்டு போட்டுக்கொண்டு. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்து, தொண்டையைச் செருமினார். "சக்கரம் இருக்கே மாப்ளை, அது மனுஷன் கைக்கு எப்படி வந்துச்சுன்னா..."

மாஸ்டர் சட்டைப்பையில் கைவிட்டார். ஒரு மாத்திரையைப் பிரித்து மச்சானின் வாயில் போட்டுவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்தார்.